கிழிந்த தாளில் படித்தவள்

என் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, மசாலா மடிக்கும் பழைய பேப்பரில். மலாக்கா பாசாரில், அதாவது சந்தையில், ஓர் அம்மிக்கல்லும் அவளும் உட்காரும் அளவுக்கு அவளுக்கு இடம் இருந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக அரைத்து உருட்டி வைத்திருப்பாள். மீன் கறிக்கா, கோழிக் கறிக்கா என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் வேண்டியதை வழித்து வாழையிலையில் வைத்து, மேலே பேப்பரைச் சுற்றிக் கொடுப்பாள். பொட்டலத்துக்கு ஏற்ற அளவில் பேப்பரை முன்கூட்டியே கிழித்து அடுக்கி வைப்பது அவள் வழக்கம். அதனால் அவள் கைக்கு வந்த எந்தச் செய்திக்கும் தலையும் இருக்காது, காலும் இருக்காது.

நான் அப்போது ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அந்தத் 'தற்காலிக'த்தை நான் வெளியில் சொல்வதில்லை. பத்தொன்பது வயதில் ஒருத்திக்கு ஊரில் நாலு பேர் 'டீச்சர்' என்று மரியாதை கொடுக்கும்போது அதைக் குறைத்துக்கொள்ள மனம் வருமா? காஜா பேராங் பகுதியில் ஒரு மலாக்கா செட்டி வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரம்மா சாரோங் கபாயா கட்டி, கொண்டையில் ஊசி செருகி, நம் சாமியையே கும்பிடுவார். பேசுவதெல்லாம் மலாய். நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்கள் தலைகாட்டும். அம்மாவுக்குப் பாசார் மலாய் தெரியும் என்பதால் இருவருக்கும் பேச்சு ஓய்ந்ததே இல்லை.

அம்மாவுக்குப் படிக்க ஆசை வந்ததாகச் சொன்னால் அது பொய். அவளுக்கு வந்தது சந்தேகம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எந்த மூலையிலும் போலீஸ் நிற்கும், எதையும் பிரித்துப் பார்க்கும். ஒரு நாள் திடீரென்று சொன்னாள்: "என் கையால தெனமும் என்னத்தச் சுத்திக் குடுக்கறேன்னே தெரியாம குடுத்துக்கிட்டு இருக்கேன்லா. நாளைக்கு ஒரு மாத்தா மாத்தா வந்து, இதுல என்னா எழுதியிருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

மாத்தா மாத்தா என்றால் போலீஸ்காரன். அவனுக்குப் பதில் சொல்லத்தான் என் அம்மா அ, ஆ படித்தாள்.

எழுத்து சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. சொற்களில்தான் தகராறு. தெரியாத சொல் ஒன்று குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடுவாள், தாண்ட மாட்டாள். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். நிற்காதே, மேலே படி. அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார். அர்த்தம் தானாக வந்து நிற்கும்.

முதன்முதலில் அது பலித்தது ஒரு வெள்ளச் செய்தியில். 'நிவாரணப் பொருள்கள்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டாள். முன்னால் வெள்ளம் இருந்தது. பின்னால் அரிசியும் போர்வையும் இருந்தன. கொஞ்ச நேரம் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "வீடு வாசல் போனவங்களுக்குக் குடுக்கறது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அவள், "யாருக்குக் குடுத்தாங்கன்னு போடலியே? அத மட்டும் கிழிச்சிட்டானுங்க பாரு" என்றாள்.

"நீதானம்மா கிழிச்சே."

ஆனாலும் பேப்பர்க்காரர்களை அவள் மன்னிக்கவே இல்லை.

நான் கொடுத்த உபாயத்தை அவள் தன் போக்கில் திருப்பிக்கொண்டாள். ஒரு சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பாள், ஊரில் ஓர் ஆள் யாரோடு சேர்ந்து சுற்றுகிறான் என்று பார்ப்பதுபோல. 'அன்பார்ந்த' என்று ஆரம்பித்தால் அவளுக்குப் பிடிக்காது. 'நலன் கருதி' என்று வந்துவிட்டால் அந்தத் தாளை நிச்சயம் ஒதுக்கி வைப்பாள். "நம்ம நலன இவன் ஏன் கருதறான்?" என்பாள். நான் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

நாடு சுதந்திரம் பெற்றது. ஊரெல்லாம் கொடி, ரேடியோவில் பாட்டு, பள்ளியில் பிள்ளைகளுக்கு மிட்டாய். பேப்பரில் புதுப்புதுச் சொற்கள் இறங்கின. குடியுரிமை, விசுவாசப் பிரமாணம், கூட்டரசு. எனக்கே பாதி புரியாது. பிள்ளைகள் கேட்டால் முன்னும் பின்னும் பார்த்து எதையோ சொல்லிச் சமாளிப்பேன். இந்தியாவில் பிறந்து இங்கே வந்தவர்கள் பெயரைப் பதிந்து குடிமக்கள் ஆகலாம் என்றும், ஒரு வருடத்துக்குள் பதிந்தால் மலாய்ச் சோதனை கிடையாது என்றும் பேச்சு பரவியது. நான் மலாக்கா மண்ணில் பிறந்தவள், எனக்குப் பிரச்சினை இல்லை. அம்மா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள். பிரச்சினை அவளுக்குத்தான்.

துண்டு நோட்டீஸ் ஒன்றை வாங்கி வந்து அவளிடம் வாசித்துக் காட்டினேன். பிடுங்கிக்கொண்டு தானே படித்தாள். குடியுரிமை என்ற சொல்லில் நிற்பாள் என்று நினைத்தேன், அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் விரல் வேறு இடங்களில் நின்று நின்று போயிற்று. 'அனைவரும்.' 'தவறாமல்.' 'குறிப்பிட்ட காலத்துக்குள்.' 'விண்ணப்பம் எழுத இலவச உதவி.' கடைசியில் 'உங்கள் நலன் கருதி' வந்ததும் தாளை என் மடியில் போட்டாள்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றாள். "முன்னாடியே ஒருவாட்டி வாசிச்சுக் காட்டியிருக்காங்க."

அப்பாவைப் பற்றி அவள் அதுவரை முழுதாகச் சொன்னதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனவர், திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று அம்மிக் குழவியைக் கழுவிக்கொண்டே மீதியைச் சொன்னாள். ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் எல்லாரையும் கூட்டினார்களாம். கணக்கெழுதும் கிராணி, வெள்ளைச் சட்டை போட்டவன், நின்று வாசித்தானாம். கொஞ்ச மாச வேலைதான், சாப்பாடு இலவசம், ரயில் இலவசம், குடும்பத்துக்கு அரிசி உண்டு, ஆம்பளைகள் அனைவரும் தவறாமல் பேரு கொடுக்கணும்.

"ஒங்கப்பா பேரு குடுத்தாரு. மறுநாள் காலையில அந்தப் பேரக் கூப்பிட்டான். கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போனாரு. அவ்ளோதான். அடுத்த வீட்டுக்காரன் கெட்டிக்காரன். வாய்க்கு வந்த ஒரு பேரச் சொல்லி வச்சிருந்தான். கூப்பிட்டப்போ ஒருத்தரும் எந்திரிக்கல. அவன் இன்னிக்கும் செமாபோக்ல மாடு வச்சிப் பால் கறக்கறான்."

"அது ஜப்பான்காரன்மா. இது நம்ம கவர்மெண்டு."

"சொல்லு மாறல பாரு."

எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பதில் இல்லாதபோதெல்லாம் கோபம் வரும், இன்றும் அப்படித்தான். பதியாவிட்டால் நீ அந்நியப் பிரஜை, நான் குடிமகள், ஒரே வீட்டில் நீ ஒரு நாடு நான் ஒரு நாடு, நாளைக்கு உன்னைக் கப்பலேற்றினால் நான் என்ன செய்வேன் என்று கத்தினேன். பயமுறுத்தத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. இந்த உலகத்தில் எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அபா மாவு தாக்கோட், காக்?" என்று சிரித்தார். எதற்குப் பயம், அக்கா என்று அர்த்தம். அவருடைய முன்னோர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டுபோனதில்லை. அம்மா அவரிடம் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் சங்கத்து இளைஞர் ஒருவர் வீடு வீடாக வந்தார். பதிந்துகொள்ளாதவர்களுக்கு உதவி செய்யத்தான் வந்தார், பாவம். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா நின்றாள்.

"வீட்ல பெரியவங்க யாரு இருக்காங்கம்மா? பேரு எழுதணும்."

"இந்த வீட்ல யாரும் இல்லீங்க" என்றாள் அம்மா, வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றபடியே.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இருக்கீங்களே?"

"நான் மசாலா குடுக்க வந்தேன்."

எனக்குச் சிரிப்பதா, வெளியே போய்த் தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. அம்மா பயப்படுகிறாள் என்பது மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. ஐசி என்கிற அடையாள அட்டையை அவள் என்னிடம் காட்டியதே இல்லை. அரிசி டின்னுக்குள் துணியில் சுற்றி வைத்திருப்பாள். பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடும்போது போலீஸ்காரனிடம் மட்டும் நீட்டுவாள், அவன் கொடுத்ததும் முந்தானைக்குள் போய்விடும். ஒரு தடவை நான் கை நீட்டியபோது, "ஒனக்கு எதுக்கு?" என்றாள். வயதைக் குறைத்துச் சொல்லியிருப்பாளோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பாயைத் தட்டிப் போடும்போது ஒரு நாள் அதன் அடியில் ஒரு கிழிந்த தாள் கிடைத்தது. மசாலாக் கறை இல்லை, பத்திரமாக மடித்து வைத்தது. விரித்தேன். ஒரு கப்பல் படம். நாகப்பட்டினம், சென்னை என்று போட்டு, கப்பல் கம்பெனி விளம்பரம். எல்லாம் பொருந்தியது. பதிய மாட்டேன் என்கிறாள், ஐசியைக் காட்ட மாட்டேன் என்கிறாள், கப்பல் விளம்பரத்தைப் பாய்க்கடியில் வைத்திருக்கிறாள். இவள் என்னை விட்டுவிட்டு ஊருக்குப் போகப் பார்க்கிறாள். முன்னும் பின்னும் பார்த்து அர்த்தம் கண்டுபிடிப்பதில் நான்தான் டீச்சர் ஆயிற்றே!

பாசாரிலிருந்து அவள் வந்ததும் வராததுமாக முகத்துக்கு நேரே நீட்டினேன். "எப்போ கப்பல் ஏறப் போறே?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள். கப்பலை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது அவள் முகம். பிறகு தாளைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் குடியுரிமைப் பதிவைப் பற்றிய செய்தி. மேலே பாதி இல்லை. கடைசி வரியில் 'இக்காலத்துக்குள் பதிந்துகொள்ளாதவர்களை' என்று இருந்தது. அதற்குக் கீழே அவளே கிழித்துப் பொட்டலம் மடித்திருக்கிறாள்.

"பதியாதவங்கள என்ன செய்வாங்கன்னு அந்தாண்ட போயிருச்சு" என்றாள். "தெனமும் எடுத்துப் படிச்சுப் பாக்கறேன். முன்னாடி இருக்கறத வச்சு ஒண்ணும் புடிபடல. அடுத்து என்னா வரும்? நீ டீச்சர்தானே, சொல்லு."

வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் அந்தத் தாளைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். மிளகாய் அரைத்து அரைத்து நகக்கண்ணெல்லாம் சிவந்த கை. பிள்ளைகள் முன்னால் ஒரு நாளும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதும்மா. அனுப்பிடுவாங்களா, ஒண்ணும் செய்ய மாட்டாங்களா, நெசமாவே தெரியாது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"சரி, போலாம்" என்றாள்.

நான் நம்பவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் பேரு கேட்டு வந்தவன் எவனும் தெரியாதுன்னு சொன்னதில்ல. எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பான். நீ தெரியாதுன்னு சொன்னேல்ல, அதனால வரேன்."

டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில் பதிவு நடந்தது. புக்கிட் காதில், உஜோங் பாசிர் ஆகிய ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து குவிந்திருந்தார்கள். நல்ல சேலை, நல்ல வேட்டி, கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல். அம்மா மட்டும் பாசாருக்குப் போகும் சேலையில் வந்திருந்தாள். வாசலில் ஒரு பியூன் எல்லாருடைய ஐசியையும் வாங்கி அடுக்கினான். பெயரைக் கூப்பிடும்போது எழுந்து மேசைக்கு வரவேண்டும். அம்மா ஐசியைக் கொடுக்கத் தயங்கினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முந்தானையிலிருந்து எடுத்து, கவிழ்த்துப் பிடித்து அவனிடம் கொடுத்தாள். அவன் நிமிர்த்தி வைப்பதற்குள் என்னைத் தள்ளிக்கொண்டு பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவின் கால் விரல்கள் சிமெண்டுத் தரையில் மடங்கி மடங்கி விரிந்ததைப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிராணி ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். யாரந்தச் செவிட்டு ஜென்மம், நேரத்தைக் கடத்துகிறது என்று எரிச்சலோடு நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என் கையிலிருந்த கை உருவிக்கொண்டது. அம்மா எழுந்து நின்றாள்.

அந்தப் பெயரை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தவை. அரிசி டின், முந்தானை, செமாபோக்கில் பால் கறக்கும் மனிதர், கூப்பிட்டதும் எழுந்து போன அப்பா. நடந்து போகும் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாம் புரிந்தது.

மேசைக்கு ஓடினேன். மலாய்க்கார கிராணி, மரியாதையான ஆள். ஐசிப் படத்தையும் அம்மாவையும் பார்த்தார். பெயரைச் சொல்லி, இது நீங்கள்தானே என்று மலாயில் கேட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. என் கைப்பையில் என் பிறப்புப் பத்திரம் இருந்தது. அதில் அம்மாவின் பெயர் வேறு.

"மகளா?" என்று கிராணி என்னிடம் கேட்டார். "அம்மா பெயர் இதுதானே?"

"ஆமாம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல, அம்மா அந்தப் பெயரைச் சொல்லி, இந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுத்தாள். தடுமாறாமல் சொன்னாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எப்போதிலிருந்து இந்தக் கூத்து, மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும், என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தெருவென்றும் பார்க்காமல் திட்டினேன். அவள் மரநிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவசரகாலத்துல ஐசி எடுக்கச் சொன்னப்போதான்" என்றாள். "படம் புடிச்சுக்கிட்டான். கை ரேகை வாங்கிக்கிட்டான். பேரையும் குடுத்துட்டா அப்புறம் என்னா இருக்கு எங்கிட்ட?"

"யாரு பேரு அது?"

"யாரு பேரும் இல்ல." கொஞ்சம் நடந்தபின் நின்றாள். "எவனாவது வீட்டுக்கு வந்து அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா, அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லணும். சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். அப்போது அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான்.

யாரும் வரவில்லை. வருடங்கள் போயின. குடியுரிமைப் பத்திரமும் அரிசி டின்னுக்குள் போனது. என் பள்ளி வேலை நிரந்தரமானது, அம்மா அம்மிக்கல்லை விட்டுவிட்டாள். அவள் கிழிக்காத பேப்பரை முழுதாகப் படிக்கும் காலமும் வந்தது. முழுப் பேப்பரையும் அவள் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அவளுக்கு நெஞ்சு வலி கண்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐசியில் உள்ள பெயரில்தான் சேர்த்தார்கள். கட்டில் தலைமாட்டில் அந்தப் பெயரை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அவள் எனக்குக் கண் சிமிட்டினாள். நாளைக்குக் கஞ்சி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கஞ்சியை டிபன் கேரியரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஆள், வெள்ளைச் சட்டை. சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு, கையில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் அந்தப் பெயரைச் சொன்னார். அவங்க சொந்தக்காரங்க இந்த வீட்லதானே இருக்காங்க என்று கேட்டார்.

அடுத்த சொல்லை அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றேன்.